நெட்டையன் எழுத்தும் நாற்பது தேயிலைப் பெட்டிகளும்

பெரியவெள்ளிமலை எஸ்டேட்டில் சுருளியம்மாள் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்தபோது அவளுக்கு இருபத்தோரு வயது. கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடி வந்த கங்காணி முதலில் கூடையைத்தான் தூக்கினார். ஒடிந்த கணுக்கால் எலும்பு, பிறகு தன் இஷ்டத்துக்கு ஒரு கோணத்தில் கூடிக்கொண்டது.

சரிவில் ஏற முடியாதவர்களை எஸ்டேட் இரண்டே இடங்களில் வைத்துக்கொள்ளும். ஒன்று, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைக் காவல் காக்கும் கொட்டகை. இன்னொன்று, தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறை. சுருளியம்மாளுக்குப் பிள்ளைகள் என்றால் ஆகாது. தேயிலைப் பெட்டி அழாது, மூக்கு ஒழுகாது என்ற ஒரே காரணத்துக்காக அவள் பேக்கிங் அறையைக் கேட்டு வாங்கினாள். டெம்பரவரி வேலை. ஆறு வருஷம் கழித்தும் டெம்பரவரியாகவே இருந்தது.

வேலை என்னவென்றால், தேயிலை நிரப்பி ஆணி அடித்த பலகைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளைத்தகட்டை வைத்து, மொட்டை பிரஷால் கறுப்பு மையைக் குத்த வேண்டும். தகட்டை எடுத்தால் பெட்டியில் எஸ்டேட் பெயரும் தேயிலையின் தரமும் நிற்கும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அவள் படித்தது ஏழாம் வகுப்பு, தமிழும் மலையாளமும். ஆனால் ஒரு நாளைக்கு அறுபது தடவை குத்துகிற எழுத்தை எத்தனை நாளைக்குத் தெரியாதது மாதிரி இருக்க முடியும்? அடையாளம் பழகிவிட்டது.

பழகப் பழக அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளைத் தகடு அது. எழுத்துகள் ஒவ்வொன்றும் பந்தியில் பாயாசத்துக்குக் காத்திருக்கிற ஆள்போல அகலமாக உட்கார்ந்திருந்தன. காலிலும் தலையிலும் குஞ்சம் வேறு. எஸ்டேட் பெயருக்கு இங்கிலீஷில் பதினாறு எழுத்து. பெட்டியின் பக்கம் ஒன்றரை அடி. பெயர் கொள்ளாமல் இரண்டு வரியாக உடைந்து, மேலே 'பெரியவெள்ளி', கீழே 'மலை' என்று நின்றது. கொச்சி ஏலத்தில் இதை இரண்டு எஸ்டேட் என்று நினைத்தவர்களும் உண்டாம். குஞ்சத்துக்கு அடியில் மை கசிந்து எழுத்துகளுக்கு மீசை முளைக்கும். கிடங்கின் இருட்டில் பத்தடி தள்ளி நின்றால் மீசைதான் தெரியும், எழுத்து தெரியாது.

1972இல் தேயிலை உலர்த்தும் புது இயந்திரம் ஒன்று பெரிய மரக்கூண்டில் வந்து இறங்கியது. எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள். சுருளியம்மாள் கூண்டைப் பார்த்தாள்.

கூண்டின்மேல் 'திஸ் சைடு அப்' என்றும், அதற்குக் கீழே 'கீப் டிரை' என்றும் இங்கிலீஷில் குத்தியிருந்தது. அப்படிப்பட்ட எழுத்தை அவள் கண்டதே இல்லை. நெட்டையாக, ஒல்லியாக, ஆனால் கோடு மட்டும் கட்டைவிரல் கனத்துக்குக் கறுப்பாக. குஞ்சம் இல்லை, வால் இல்லை, இடுப்பு வளைவு இல்லை. டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிற ஆம்பிளைகள் மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. முற்றத்தின் கடைசியில் நின்று பார்த்தாலும் படிக்க வந்தது.

"கூண்ட ஒடச்சு அடுப்புக்குக் கொண்டுட்டுப் போறேன்" என்று பெட்டி கட்டும் பேக்கர் பெரியமுத்து கோடாரியோடு வந்தார்.

"எழுத்து இருக்க பலகய மட்டும் தொடாதீக மாமா. அது எனக்கு வேணும்."

"எழுத்த வச்சு என்ன செய்வ, கொழம்பு வப்பியா?"

பெரியமுத்துவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. தகடுகளை நீளத்தையும் ஓரத்து நெளிவையும் வைத்து அடையாளம் கண்டுகொள்வார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றிக் குத்தியதில்லை. "எழுத்து தெரிஞ்சவனுக்குத்தான் தப்பாப் படிக்கிற சீக்கு வரும். எனக்கு அந்தத் தொந்தரவே கெடையாது" என்பார்.

பலகையைப் பேக்கிங் அறைச் சுவரில் சாத்திவைத்து ஒரு மாதம் பார்த்தாள். எஸ்டேட் பெயருக்கு வேண்டியதில் பாதி எழுத்து அதிலேயே இருந்தது. இல்லாதவற்றை இருப்பவற்றிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். இ எழுத்தின் மேல் கையையும் நடுக் கையையும் வெட்டினால் எல் ஆயிற்று. ஒய் எழுத்தின் மேல்பாதியைத் தரைவரை இழுத்தால் வி. வியைத் தலைகீழாகக் கவிழ்த்து இடுப்பில் ஒரு கட்டை போட்டால் ஏ. எம் மட்டும் அடங்கவில்லை. ஒல்லியாக்கினால் நடுவில் மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பெட்டியாக நின்றது. நாலு தடவை வெட்டிய பிறகு, நடுவில் இறங்குகிற வியைத் தரைக்கு விடாமல் பாதியிலேயே நிறுத்தினாள். அப்போதுதான் அதற்கு மூச்சு வந்தது.

வெட்டியது மண்ணெண்ணெய் டின் தகட்டில்; உளி, தொழிற்சாலை ஃபிட்டர் பழைய ரம்பத்தைத் தீட்டிக் கொடுத்தது. துளைத்தகட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஓ, பி, டி போன்ற எழுத்துகளைச் சுற்றி வெட்டினால் நடுவயிறு கழன்று கீழே விழுந்துவிடும். அதனால் வயிற்றையும் தகட்டையும் சேர்த்து ஒரு சின்னத் துண்டு விட வேண்டும். சுருளியம்மாள் அதைத் தொப்புள்கொடி என்றாள். அகலமான எழுத்தில் வயிறு பெரிது, கொடி இழுபட்டு வளையும். அவள் 'நெட்டையன்' என்று பெயர் வைத்த இந்தப் புது எழுத்துக்கு வயிறே ஒரு கோடுதான். கொடி குட்டையாக, விறைப்பாக நிற்கும். தகடு பெட்டியோடு ஒட்டி உட்காரும், மை கசியாது.

புதுத் தகட்டைக் குத்திய முதல் பெட்டியை டீமேக்கர் குரியன் சாரிடம் காட்டினாள். தொழிற்சாலைக்கு அவர்தான் ராஜா. பதினாறு எழுத்தும் ஒரே வரியில், இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு நின்றன.

"எந்தா இது, கொள்ளாமல்லோ!" என்றார் குரியன் சார். அவர் வாயிலிருந்து 'நன்றாக இருக்கிறது' என்று பொருள்படும் சொல் எந்த மொழியிலும் வந்ததாக அதுவரை யாரும் கேட்டதில்லை.

அதன்பிறகு நெட்டையனை விட்டால் எஸ்டேட்டில் ஆளில்லை என்றாயிற்று. யூனியன்காரர்கள் தமிழில் கேட்டார்கள், மாரியம்மன் கோயில் அண்டாவுக்குக் கேட்டார்கள், எஸ்டேட் மானேஜரான துரையின் பங்களா நாய் போர்டுக்கு மலையாளத்திலும் கேட்டார்கள். இங்கிலீஷ் சுலபம். தமிழெழுத்தோ சம்பந்தி வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி காலை நீட்டித்தான் உட்காரும். ணகரத்துக்கு மூன்று வயிறு. 'கூ' தன் வாலைப் பக்கத்து எழுத்தின் இடத்தில் கொண்டுபோய்ப் படுக்கப்போடும். சுருளியம்மாள் இரக்கமே காட்டவில்லை. வளைவையெல்லாம் நிமிர்த்திச் சுவராக்கி, மூலையில் மட்டும் கொஞ்சம் வளைய அனுமதித்தாள். வாலை மடித்து எழுத்தின் காலடியிலேயே செருகினாள்.

1974 ஆகஸ்டில் அவளுக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை வந்தது. அம்மா அழகுத்தாய்க்கு மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வீடு. அம்மா பெயரை அடித்ததும், மகள் பெயர் ஏறாவிட்டால், இரண்டு பேரும் சாமானைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். கீழே அவர்களுக்கு ஊர் என்று ஒன்றும் இல்லை. குரியன் சார் துரையிடம் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதி பெயர் ஏறும் என்பது பேச்சு. அழகுத்தாய்க்குப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பித்தளைப் பாத்திரங்களை முன்கூட்டியே சாக்கில் கட்டிவைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கக்கூஸ் பிரச்சினை முற்றியது.

லயத்துக்குப் பின்னால் வரிசையாகக் கக்கூஸ் கட்டி மூன்று வருஷம். சுவர் உண்டு, தகரக் கூரை உண்டு, கதவு இல்லை. கதவுக்குப் பதில் சாக்குப் படுதா. மலைக்காற்று படுதாவென்றும் பாராமல் தூக்கும். அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே சாக்கைப் பிடித்தபடி. எஸ்டேட்டில் யாருக்கு யார் சிநேகிதி என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய்ப் பார்த்தால் போதும். சுருளியம்மாளின் ஜோடி, பக்கத்து வீட்டு மூக்கம்மாள்.

"இழுத்துப் பிடிங்க மதினி, கங்காணி வாராரு!"

"வரட்டும்த்தா. அவுகளும் ஒரு தடவ நல்லாப் பாத்தாத்தான் கம்பெனிக்குக் கதவு ஞாபகம் வரும்."

நாலு மனு கொடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் கிளார்க் காளிச்சாமி, "கதவு வந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

"எங்கருந்து, காசியில இருந்து நடந்தா வருது?" என்று கேட்டுவிட்டு வந்தாள் மூக்கம்மாள். "ஏத்தா சுருளி, மனுவ யாரு படிக்கா? ஒன் நெட்டையன்னா தூரத்துல இருந்தே முழக்கிச் சொல்லும். மாசக் கடசீல லேபர் ஆபீசர் வாராராம். செவத்துல குத்திவிடு."

சுருளியம்மாளுக்கு இஷ்டமில்லை. பெயர் ஏறுகிற மாதத்தில் யாராவது சுவரில் குத்துவார்களா? ஆனால் 'கக்கூஸ் கதவு எங்கே?' என்ற வரியை மனசில் எழுதிப் பார்த்ததும் கை பரபரத்தது. அதில் ஒரு 'கூ' இருந்தது. ஒரு 'ங்' இருந்தது. கொக்கி முதுகோடு அந்தக் கேள்விக்குறியை ஒல்லியாக்குவது எப்படி? இரண்டு மதிய இடைவேளையில் வெட்டி முடித்தாள். அவள் வெட்டியதிலேயே அழகான தகடு அதுதான். தகட்டை ஒளித்துவைக்கத் மற்றத் தகடுகளின் நடுவைவிடச் சிறந்த இடம் இல்லை என்று பேக்கிங் அறை ஆணியில் மாட்டிவிட்டு, சின்னமனூரில் ஒரு காதுகுத்துக்கு இரண்டு நாள் லீவில் போனாள்.

அந்த இரண்டு நாளில் குரியன் சார், "புதிய கிரேடு தகடு சுருளி வெட்டி வச்சிருக்கும். இன்னைக்கு நாற்பது பெட்டியில அதுதான் வேணும்" என்று பெரியமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனார். சுருளி அந்த கிரேடு தகட்டை இன்னும் தொடவே இல்லை. பெரியமுத்து ஆணியில் புதுசாக மின்னிய தகட்டை எடுத்தார். நாற்பது பெட்டியிலும், எஸ்டேட் பெயருக்கு நேர் கீழே, இம்மி பிசகாமல் குத்தினார்.

பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்த மலையாளி கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. மதுரை வியாபாரிகளுக்காகத் தமிழில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். குரியன் சார் வரிசையைக் கண்ணால் தடவிப் பார்த்து, "நேரே இருக்கு" என்று திருப்திப்பட்டார். எழுத்து ஒல்லியாக, கறுப்பாக, நேராக இருந்தால் அது கம்பெனியுடையது. அதற்கு மேல் அதைப் படித்துப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. லாரி கொச்சிக்குப் போய்விட்டது.

திரும்பி வந்த சுருளியம்மாள் ஆணியில் தகட்டைப் பார்த்தாள். அதில் மை இருந்தது.

"மாமா, இத எதுல குத்துனீக?"

"பொட்டியிலதான். வேற எதுல குத்துவாக? நாப்பது. ஒண்ணுல கூட கசியல தாயி, அம்புட்டு சுத்தம்."

அவள் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் பெரியமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேள்விக்குறியும் விழுந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"அந்தக் கொக்கியா? கொக்கிதான் ரொம்ப நல்லா விழுந்துச்சு."

ஒன்பது நாளில் கொச்சியிலிருந்து ஒரு கடிதமும், ஒரு பெட்டியின் பக்கப் பலகையும் வந்தன. இது புதிய எஸ்டேட்டா, புதிய தரமா என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்த சிரிப்பில் ஏலம் கேட்க மறந்துவிட்டார். நாற்பது பெட்டியும் தனியே நிற்கின்றன. துரை அந்தப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டே பேக்கிங் அறைக்கு விசாரணைக்கு வந்தார். மைசூர்ப் பக்கத்து இளவயதுக்காரர். தமிழ் அரைகுறை, படிக்கத் தெரியாது. கம்பெனிக்கு எதிரான மோசமான 'முத்திராவாக்கியம்', அதாவது கோஷம், என்று மட்டும் குரியன் சார் அவரிடம் சொல்லியிருந்தார்.

"யாரு இது வெட்டினது?"

நெட்டையனைப் பார்த்து வெட்டப் பழகியவர்கள் லயத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் குரியன் சார் ஒரு தந்திரம் செய்தார். ஒரு டின் தகட்டையும் உளியையும் சுருளியம்மாள்முன் வைத்து, "'கதவு' எழுது. கையெழுத்து மாதிரி இதுவும் பிடிபடும்" என்றார்.

பெரியமுத்து அவள் காதோரம் குனிந்தார். "கோணலா வெட்டு தாயி. ஒன்னய விட்டா யாருக்கும் இப்பிடி வராதுன்னு அவுகளுக்குத் தெரியும். கோணிப்போனா நீ இல்லன்னு ஆயிரும். வீடு நிக்கும்."

கோணலாகத்தான் வெட்ட நினைத்தாள். அம்மாவின் சாக்கு மூட்டை கண்முன் நின்றது. வேண்டுமென்றே ககரத்தின் முதுகைச் சாய்த்து, வயிற்றைக் கொஞ்சம் பெரிதாக்கி வெட்டினாள். வெட்டி முடித்து அதைப் பார்த்தாள். குடித்துவிட்டு வேலிமேல் சாய்ந்த ஆள்போல இருந்தது. தன் கையிலிருந்து இப்படி ஒன்று வந்து உலகத்தில் இருக்கப்போகிறது என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"வேற தகடு குடுங்க சார்" என்றாள்.

பெரியமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

இரண்டாவது தகட்டில் மூன்று எழுத்தும் சுவர் வைத்த மாதிரி நின்றன. 'வு' எழுத்தின் வாலை அவள் இதுவரை சரியாக மடித்ததில்லை. அன்றைக்கு அதுவும் கைவந்தது. துரையிடம் நீட்டினாள்.

"நான்தான் வெட்டுனேன் தொரை. ஆனா அது செவத்துக்கு வெட்டுனது. பொட்டிக்கு இல்ல. மாமாவுக்கு எழுத்துத் தெரியாது, அவரு மேல தப்பில்ல."

துரை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது என்ன சொல்லுது? கம்பெனிக்கு என்ன கெட்ட வார்த்தை?"

காளிச்சாமி கூரையைப் பார்த்தார். குரியன் சாருக்குத் திடீரென்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்ற மூக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"கெட்ட வார்த்த ஒண்ணும் இல்ல தொரை. கக்கூஸ் கதவு எங்கன்னு கேக்குது. அம்புட்டுத்தான்."

"அவ்வளவுதானா?" துரைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்திருக்க வேண்டும். குரியன் சார் பக்கம் திரும்பினார். "போன வருஷம் கதவு சாங்ஷன் பண்ணினேனே. எங்கே?"

பதில் பெரியமுத்துவிடமிருந்து வந்தது.

"கதவா? இங்கனதான தொரை கெடக்கு" என்று சொல்லி, காலால் கீழே தட்டிக் காட்டினார். "தரையில ஈரம் ஏறுது, பொட்டிக்கு அடியில பலக போடுன்னு சார் சொன்னாக. லாரியில வந்து எறங்குன கதவத்தான் போட்டேன். கீல நாந்தான் கழட்டி வச்சேன். டப்பாவுல பத்திரமா இருக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தேயிலைப் பெட்டிகள் கக்கூஸ் கதவுகளின்மேல் நின்றன. கீல் பதித்த பள்ளம்கூடத் தெரிந்தது.

"இத இம்புட்டு நாளாச் சொல்லலியே மாமா!" என்றாள் சுருளியம்மாள்.

"என்ட்ட யாரு கேட்டா? மனுவுலயும் தகட்டுலயும் எழுதிக் கேட்டா எனக்கு எப்பிடித்தா தெரியும்?"

வாசலில் பெண்கள் சிரித்த சிரிப்பு உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்தை மீறியது. குரியன் சாரின் காது சிவந்தது. வெளியே போகும்போது அவர் சுருளியம்மாளிடம், "சிபாரிசு ஒண்ணும் இனி என்னிடம் சோதிக்கண்டா" என்றார். கேட்கவே வேண்டாம் என்று அர்த்தம். அவள் உளியைத் துடைத்து வைத்தாள். சிரிப்பு அவளுக்கு வரவில்லை. மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

கதவுகள் இரண்டே நாளில் ஏறின. ஆனால் கம்பெனித் தகட்டில் கண்டதை வெட்டியவளைச் சும்மா விட முடியுமா? தலைமை ஆபீஸுக்கு ஏதாவது நடவடிக்கை எழுதிக் காட்ட வேண்டுமே. துரை காளிச்சாமியைக் கூப்பிட்டு, கடுமையான மெமோ ஒன்று டைப் அடிக்கச் சொன்னார். காளிச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்ன?"

"டெம்பரவரி ஆளுக்கு மெமோ குடுக்க வழியில்லீங்க தொரை. செக்ரோல்ல பேரும் நம்பரும் வேணும். மெமோவுல நம்பர் போடாம தலைமை ஆபீஸ் ஏத்துக்கிற மாட்டாக."

"அப்ப வேலைய விட்டு நிறுத்து."

"நிறுத்தலாமுங்க. ஆனா கொச்சியில நிக்கிற நாப்பது பொட்டிக்கும் மார்க் மாத்திக் குத்தணும். இம்புட்டு சுத்தமாத் தகடு வெட்ட வேற ஆளில்ல. டீமேக்கர் சாரைத்தான் வெட்டச் சொல்லணும்."

துரை செக்ரோல் புத்தகத்தைக் காளிச்சாமி பக்கம் தள்ளினார். பிறகு, "பேர் எழுது. எழுதிட்டு மெமோ குடு" என்றார்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் சுருளியம்மாள் மெமோவோடு வீட்டுக்கு வந்தாள். அழகுத்தாய் அடுப்படியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா எழுதியிருக்கு?"

"கிளார்க்கு படிச்சுச் சொன்னாரு. நான் செஞ்சது பெருங்குத்தமாம். இன்னொரு தடவ செஞ்சா வேல போயிருமாம்."

"ரொம்பக் கோவமா எழுதியிருக்காகளா?"

"ரொம்ப." அவள் தாளை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். டைப்ரைட்டர் எழுத்து. ஒல்லிக் கோடான ஐக்கும் அகலமான எம்முக்கும் ஒரே அளவு இடம். நூல் மாதிரிக் கோடு. நாலடி தள்ளிப் போனால் கோவமும் தெரியாது, குத்தமும் தெரியாது.

"பேரு போட்டுருக்கா?"

"போட்டுருக்கும்மா. நம்பரும் போட்டுருக்கு. நானூத்திப் பதினொண்ணு."

அழகுத்தாய் இன்னொரு தடவை அந்த நம்பரைச் சொல்லச் சொன்னாள். கேட்டுக்கொண்டே சாக்கின் வாயை அவிழ்த்து, பித்தளைக் குடத்தை வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.